பாஸ் பட்டன்

“மேடம், பாஸுங்கறது விறாலுங்களா?”

கோகிலவாணி கையிலிருந்த மார்க்கர் பேனாவை மேசைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். வேகமாக வைக்கப்போனால் எறிந்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

“விறால் இல்ல மோகனப்பிரியா.”

“கெளுத்திங்களா?”

“கெளுத்தியும் இல்ல. அது அமெரிக்காக்காரன் ஏரியில இருக்கற மீன். நம்ம ஊர்ல கிடையாது. தமிழ்ல அதுக்குப் பேரும் கிடையாது. பாஸ். அவ்வளவுதான். போன வாரம் படம் காட்டினேனே?”

“படத்துலயும் விறால் மாதிரியேதான் இருந்துச்சுங்க மேடம்.”

வகுப்பு சிரித்தது. கீழே பிரியாணிக் கடையில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. நாமக்கல் திருச்சி சாலையில், அந்தக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ‘வெற்றிப்படி பயிற்சி மையம்’. மதியத்துக்கு மேல் பிள்ளைகளின் மூக்கு ஒரு பக்கமும் மூளை ஒரு பக்கமும் போய்விடும். அந்த நேரத்தில் பாடம் நடத்துகிறவளின் பாடு சொல்லி மாளாது.

“சரி, தண்ணி தெளிவா இருந்தா என்ன நிறத்துல இரை போடணும்?”

“பச்சைங்க மேடம்.”

“கலங்கி இருந்தா?”

“பச்சை.”

“ரெண்டுக்கும் பச்சைன்னா நான் எதுக்குய்யா கேக்கறேன்? தெளிஞ்ச தண்ணிக்கு மீன்குஞ்சு நிறம். கலங்கின தண்ணிக்குக் கறுப்பு, இல்லைன்னா பளிச்சுனு ஒரு நிறம். மீன் கண்ணுக்குத் தெரியணும்ல? தூண்டிலை எங்க வீசணும்?”

“ஏரிக்குள்ளங்க மேடம்” என்றான் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன், மிக நிதானமாக.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். மூழ்கிக் கிடக்கும் மரத்தின் பக்கத்தில் வீச வேண்டும், கோரைப் புல்லின் ஓரத்தில் வீச வேண்டும், வெயில் ஏறினால் நிழல் பார்த்து வீச வேண்டும் என்று மூன்று மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லி வந்திருக்கிறாள். குளிர்ந்த நீரில் இரையை மெதுவாக இழுக்க வேண்டும். மீன் முதல் முறை தொட்டதும் சுண்டக் கூடாது. மீன் துள்ளும்போது கோலைத் தூக்கக் கூடாது, தாழ்த்த வேண்டும். அவளுக்கு இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். விலங்கியல் படித்தவள். அமெரிக்க மீன்பிடிக்காரர்கள் பேசும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, பார்த்தே இராத ஒரு மீனின் மனசை அறிந்து வைத்திருந்தாள்.

அவள் அறிந்து வைத்திருந்தும் என்ன? அவளிடம் படித்த பிள்ளைகள் வேலைத் தேர்வில் தேறினார்கள். அவள் தேறவில்லை. ஒவ்வொரு வருடமும் எழுதினாள், ஒவ்வொரு வருடமும் தோற்றாள். வருகிற தேர்வோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது.

அன்று புதிதாக ஒரு பெண்ணைச் சேர்க்க அவளுடைய அப்பா வந்திருந்தார். கோழிப்பண்ணைக்காரர். மைய உரிமையாளர் ராசப்பனின் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கோகிலவாணி கையெழுத்துப் போட அறைக்குள் போனபோது பேச்சு சூடாக இருந்தது.

“நாங்கேக்கறேனேன்னு தப்பா நெனைக்காதீங்க. குறைதீர் அலுவலர் வேலைக்குப் போறவ மீன் புடிச்சு என்னங்க ஆகுது? அதுவும் பொம்மை மீனு. கம்ப்யூட்டர் வெளையாட்டு.”

“அதைக் கேளுங்க” என்றார் ராசப்பன். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல முன்னால் சாய்ந்தார். “முன்ன எழுத்துப் பரிட்சை இருந்துச்சா? இப்பக் கண்ணாடி போட்டா கண்ணாடியே பதில் சொல்லுது. காதுல கம்மல் போட்டா கம்மல் சொல்லுது. எல்லாரும் நூத்துக்கு நூறு. யாரை எடுக்கறது, யாரை விடறது? அதனால அறிவைச் சோதிக்கறதை விட்டுப்போட்டுக் குணத்தைச் சோதிக்கறாங்க.”

“மீனுக்கும் குணத்துக்கும் என்னங்க?”

“கையில ஒரு தூண்டில்கோல் குடுப்பாங்க. அதுல முழுக்க சென்சாரு. எப்ப அவசரப்படறோம், எப்ப ஆசைப்படறோம், எப்ப எரிச்சல்படறோம், எல்லாம் கையில தெரிஞ்சுரும். வாய் பொய் சொல்லும், கை சொல்லாது. ஊருக்கு ஒரு குறைதீர் அலுவலர். பட்டா சண்டை, வாய்க்கா சண்டை, ரேஷன் சண்டை எல்லாம் அவங்ககிட்டதான் வரும். பேராசைக்காரன் வந்து உக்காந்துட்டா ஊர் என்னாகும்? நடிச்சு ஏமாத்தவே முடியாதுங்க இதுல.”

கோழிப்பண்ணைக்காரர் நாற்காலியில் நன்றாகப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“நடிக்கவே முடியாதுன்னா, நீங்க என்னத்தைங்க சொல்லித் தர்றீங்க?”

ராசப்பன் கண்ணிமைக்காமல் சொன்னார்: “நடிக்காம இருக்கறதுக்குத்தானுங்க கோச்சிங்.”

பெண்ணைச் சேர்த்துவிட்டுத்தான் போனார் அவர்.

*

மறுவாரம் தரணிதரன் லட்டுப் பெட்டியோடு வந்தான். போன வருடம் இதே வகுப்பில் கடைசி பெஞ்சில் வாயைத் திறந்தபடி தூங்கியவன். பயிற்சி முடித்து, சேந்தமங்கலம் பக்கம் ஓர் ஊருக்குக் குறைதீர் அலுவலராகப் போய்ச் சேர்ந்திருந்தான். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தான். அவனைப் பார்த்ததும் கோகிலவாணிக்கு சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒரே நேரத்தில் வந்தன. எது முதலில் வந்தது என்று கேட்டால் அவள் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாள்.

“உக்காரு தரணி. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. பரிட்சையில என்ன பண்ணே நீ?”

“நீங்க சொல்லிக் குடுத்தபடிதாங்க மேடம்.”

“பொய் சொல்லாதே. நான் சொன்னதுல ஒண்ணு சொல்லு பார்க்கலாம்.”

தரணி லட்டுப் பெட்டியைப் பார்த்தான். “தண்ணி கலங்கி இருந்தா… பச்சைங்களா?”

“எத்தனை மீன் பிடிச்சே?”

“ஒண்ணும் புடிக்கலைங்க மேடம்.”

“ஒண்ணுமா?”

“ஒண்ணு கூட இல்லைங்க. கடிச்சுது. நல்லாத்தான் கடிச்சுது. உடனே ராசப்பன் சார் சொன்ன மாதிரி பாஸ் பட்டனை அமுக்கினேன். மீன் நழுவிப் போயிருச்சு. மறுபடி கடிச்சுது. மறுபடி அமுக்கினேன். மறுபடி போயிருச்சு. திரையில பக்கத்துப் படகுல ஆடறவனுக்கெல்லாம் சரியா மாட்டுது, எனக்கு மட்டும் நழுவுது. வெளிய வந்து அழுதேனுங்க. எங்கம்மாகிட்ட போன்ல ஃபெயிலுன்னே சொல்லிப்போட்டேன்.”

“ராசப்பன் சார் என்ன சொன்னாரு?”

“கடைசி நாள் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு டிப்ஸ் சொல்வாருங்கல்ல மேடம், தமிழ்ல எழுதறவங்களுக்கு மட்டும். பாஸ் கடிச்சா பாஸை அமுக்கு, பாஸை அமுக்கினா பாஸு. அதானுங்க.”

கோகிலவாணிக்குத் தெரியாது. அவள் ஆங்கிலத் திரையில்தான் தேர்வு எழுதுவாள். பயிற்சி வகுப்பில் அவள் வாயால் நடத்துவதோடு சரி. பிள்ளைகள் தமிழ்த் திரையில் பழகும் அறை ராசப்பனின் பொறுப்பு. அங்கிருக்கும் விளையாட்டும் பழைய பிரதி. ஒருவர் தனியாக ஆடுவது. அதில் அந்தப் பட்டனை அமுக்கினால் ஒன்றும் ஆகாது.

“அப்புறம் எப்படித் தேறினே?”

“அதுதான் எனக்கும் புரியலைங்க. வேலை குடுக்கற அன்னைக்கு மெஷின் ஒவ்வொருத்தரைப் பத்தியும் ஒரு வரி சொல்லும். என்னைப் பத்தி என்ன சொல்லுச்சு தெரியுங்களா?” அவன் வெட்கத்தோடு சிரித்தான். “கைக்கு வந்ததை மகிழ்ச்சியோடு அடுத்தவருக்குக் கொடுப்பவர். எனக்கே சிரிப்பு வந்துருச்சுங்க. சின்ன வயசுல தம்பிக்கு ஒரு முட்டை குடுத்ததில்லை நானு. எங்கம்மா அந்த வரியைக் கேட்டுட்டு அழுதுபோட்டாங்க.”

“ம்.”

“ஆனா ஒண்ணுங்க மேடம். இப்ப தம்பிகூட வரப்புக்குச் சண்டை போடலாம்னு வாயெடுத்தாலே அந்த வரி ஞாபகம் வந்துருது. கூச்சமா இருக்குது. என்ன பண்றது, குடுத்துப்போட்டு வந்தர்றேன். ஊர்லயும் அப்படித்தான். யாராவது கத்தினா, நம்மளைத்தான் மெஷினே நல்லவன்னு சொல்லிருச்சே, நாமளும் கத்தலாமான்னு தோணுது.”

அவன் போன பிறகு அவள் பயிற்சி அறைக்குப் போய்த் தமிழ்த் திரையைத் திறந்தாள். ஏரி வந்தது. கோரை வந்தது. வலது மூலையில் மஞ்சள் நிறத்தில் பட்டன். அதில் ஒரே ஒரு சொல். பாஸ்.

ஆங்கிலத் திரையில் அதே இடத்தில், அதே மஞ்சளில் அவள் அதைப் பல முறை பார்த்திருக்கிறாள். பார்த்த உடனே அவளுக்கு அர்த்தமும் தெரியும். அர்த்தம் தெரிந்ததால்தான் ஒரு முறைகூடத் தொட்டதில்லை.

லட்டுப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ராசப்பனின் அறைக்குப் போனாள்.

“சார், அது பாஸ் இல்ல. பாஸ்.”

“சரி.”

“சரின்னா?”

“பாஸ்ங்கறே. சரிங்கறேன்.”

“ரெண்டும் வேற சார்! நீங்க சொல்றது மீனு. பட்டன்ல எழுதியிருக்கறது வேற பாஸ்.”

“பரிட்சையில பாஸா?”

“அதுவும் இல்ல.”

“முதலாளியா?”

அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். “சார், பசங்க பந்து விளையாடறப்ப கத்துவாங்கல்ல, பாஸ் பண்ணு, பாஸ் பண்ணுன்னு? அந்தப் பாஸ். அடுத்தவனுக்குத் தள்ளி விடறது. இங்கிலீஷ்ல எழுத்து வேற வேற, சத்தமும் வேற. யாரோ தமிழ்ல மாத்தறப்ப அப்படியே எழுதிட்டாங்க. நமக்கு எல்லாத்துக்கும் ஒரே ப. மீன் கடிச்சப்ப அந்தப் பட்டனை அமுக்கினா, மீன் நூலோட அடுத்த படகுக்குப் போயிரும்.”

ராசப்பன் வாயில் போட்டிருந்த பாக்கை மெல்லுவதை நிறுத்தினார்.

“அப்ப நம்ம பசங்க…”

“மூணு வருஷமா, கடிச்ச மீனையெல்லாம் பக்கத்துப் படகுக்காரனுக்குத் தானம் பண்ணிட்டு வர்றாங்க.”

“அட கருமமே. எங்க அக்கா பையன் மொத வருஷம் அதை அமுக்கினேன், பாஸாயிட்டேன்னான். அதைப் புடிச்சுக்கிட்டு… ஆனா பாஸாயிட்டாங்களேம்மா?”

“அதான் சார் தேர்வே. இரை, நிறம், நிழல், நான் நடத்தறது எல்லாம் வெறும் வேஷம். அந்தப் பட்டனுக்காகத்தான் இவ்வளவு பெரிய ஏரியே. மத்தவங்க யாராவது யோசிச்சு, கணக்குப் போட்டு விட்டுக்குடுத்தா கை தயங்கும். சென்சாருக்குத் தெரிஞ்சுரும். நம்ம பசங்களுக்குத் தயக்கமே இல்லை. மீன் கடிச்சதும் குஷியில போய் அமுக்கறாங்க. மீன் போயிருது, வருத்தப்படறாங்க. மறுபடி கடிச்சா மறுபடி அதே குஷியோட குடுக்கறாங்க. இழந்த வலி தெரிஞ்சும் சிரிச்சுக்கிட்டே குடுக்கற மனுஷனை அந்த மெஷின் எங்க பாத்திருக்கும்? தமிழ்நாட்டுலயே தங்கமான ஆளுக நாமக்கல்லுலதான் இருக்காங்கன்னு நெனைச்சுக்கிட்டு இருக்குது.”

ராசப்பன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்லை.”

“சொல்லாதே அம்மணி. உன் காலைத் தொட்டுக் கேக்கறேன். சொல்லிட்டா அப்புறம் ஒருத்தன் கையும் பழைய மாதிரி அமுக்காது.”

“அதுக்காக ஏமாத்தலாமா சார்?”

“யாரை ஏமாத்தறோம்? அவங்க ஏமாத்தலையே. அவங்களுக்குத் தெரியாதே.” அவளை நேராகப் பார்த்தார். “பரிட்சை நடத்தறவங்ககிட்ட போய்ச் சொல்லி அந்த எழுத்தை மாத்தச் சொல்லப்போறியா? சொன்னா இதுவரைக்கும் வேலைக்குப் போனவங்க கதி? தரணி வந்தானே, அவன் கெட்டவனாவா இருக்கான்?”

முட்டை தராத அண்ணன் வரப்பைத் தந்துவிட்டு வருகிறான். அது எந்தக் கணக்கில் சேரும் என்று அவள் படித்த விலங்கியலில் இல்லை.

ராசப்பனுக்கு அப்போதுதான் அது உறைத்தது போல. மெல்லக் கேட்டார்:

“அப்ப… நீ?”

அதைத்தான் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் தேர்வு மண்டபத்திலேயே அதிக மீன் பிடித்தவள் அவள்தான். பிடித்த ஒவ்வொரு மீனுக்கும் இயந்திரம் அவளை ஒரு படி கீழே இறக்கியிருக்கிறது. இப்போது வழி தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதே பெரிய இடைஞ்சல். நாமக்கல்லில் அந்தப் பட்டனின் அர்த்தம் தெரிந்து மண்டபத்துக்குள் போகப்போகிறவள் அவள் ஒருத்திதான்.

*

அடுத்த நாட்களில் அவள் செய்ததை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும் பயிற்சி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தமிழ்த் திரையின் முன் உட்காருவாள். தக்கை அமிழும். பட்டனை அமுக்குவாள். தக்கை அமிழும். அமுக்குவாள். யோசனை வருவதற்குள் விரல் போக வேண்டும். பஸ்ஸில் போகும்போதுகூட, ஓட்டுநர் ஹாரன் அடித்ததும் கட்டைவிரலால் கைப்பையை அமுக்கினாள். இடையிடையே அவளுக்குத் தன்மேல் கோபம் வரும். விட்டுக்கொடுக்கும் குணத்தை இப்படி உட்கார்ந்து மனப்பாடம் செய்கிற கொடுமை வேறு யாருக்காவது நடக்குமா?

வகுப்பில் மோகனப்பிரியா கேட்டாள்: “மேடம், இப்பல்லாம் நீங்க திட்டறதே இல்லை. ஒடம்பு சரியில்லைங்களா?”

“உன் வேலையைப் பாரு.”

“இப்பத்தாங்க மேடம் நல்லாருக்குது.”

தேர்வு ஒரு கல்லூரிக் கலையரங்கில் நடந்தது. போன வருடம்வரை வேறு மாவட்டத்துப் பிள்ளைகளும் கலந்து இருப்பார்கள். இந்த முறை நாமக்கல்லின் பெயர் எங்கும் பரவி, ராசப்பனின் ரகசியமும் கதவிடுக்கு வழியாகக் கசிந்து, ஊரிலுள்ள எல்லாப் பயிற்சி மையமும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தது. கூட்டம் தாங்காமல் ஊர்க்காரர்களுக்கென்றே தனி மண்டபம் ஒதுக்கியிருந்தார்கள். உள்ளே அட்டைத் தடுப்புகள். தடுப்புக்கு ஒருவர். ஆளுக்கொரு திரை, ஒரு கோல்.

கோகிலவாணி தமிழ் என்று தேர்ந்தெடுத்தாள். ஏரி விரிந்தது. சுற்றிலும் மற்றவர்களின் படகுகள் வட்டமாக நின்றன. பெயர் இல்லை, முகம் இல்லை. இயந்திரத்தின் குரல் சொன்னது:

“இந்த ஏரியில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மீன்தான் இருக்கும். அது கரை சேர்ந்த பிறகே அடுத்தது வரும். நூலில் மாட்டிய மீன் பலமிழந்து செத்துவிட்டால் ஏரி மூடப்படும். ஏரியில் உள்ள அனைவரும் தகுதி இழப்பார்கள்.”

பட்டனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எப்போதும் சொல்லாது.

தண்ணீர் கலங்கலாக இருந்தது. அவள் கறுப்பு ரப்பர் புழுவை எடுத்தாள். மூழ்கிய மரத்தின் அருகில் வீசினாள். பழக்கதோஷம். எங்கே வீசினால் என்ன என்று பிறகு தோன்றியது.

தக்கை அமிழ்ந்தது. கோலில் உயிருள்ள பாரம் ஏறியது. அந்த நொடியின் சந்தோஷம் அவளுக்குப் பழையது. அதன் பின்னாலேயே நினைப்பு வந்தது: இப்போது அமுக்க வேண்டும். அதன் பின்னால்தான் விரல் போனது. டக். மீன் நழுவிப் பக்கத்துப் படகுக்குப் போனது.

சந்தோஷத்துக்கும் விரலுக்கும் நடுவில் நுழைந்த அந்த நினைப்பு கோலுக்குக் கேட்டிருக்குமா? கேட்டிருக்கும். ஆனாலும் இன்னும் நேரம் இருக்கிறது. அடுத்த முறை வேகமாக அமுக்கலாம்.

பக்கத்துத் தடுப்பிலிருந்து ஓர் ஆனந்த முனகல் கேட்டது. “பாஸு!” உடனே டக். “ச்சே, போயிருச்சு.”

அதற்கடுத்த தடுப்பில்: “ஐயோ, வந்துருச்சு!” டக். “அடச்சே.”

டக். டக். டக். மண்டபத்தைச் சுற்றி அந்தச் சத்தம் போவதை அவள் காதால் பின்தொடர்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. மூலைக்குப் போய்த் திரும்பி, எதிர் வரிசை வழியாக அது மறுபடி தன்னை நோக்கி வரத் தொடங்கியபோது சிரிப்பு நின்றது.

ஏரியில் இருப்பது ஒரு மீன். படகில் இருப்பவர்கள் அத்தனை பேரும் நாமக்கல். யாரும் அதைப் பிடிக்கப்போவதில்லை.

கோலில் பாரம் ஏறியது. அதே மீன். முதல் முறை வந்தபோது பச்சையாக மின்னிய முதுகு இப்போது மங்கியிருந்தது. ஒவ்வொரு படகுக்கும் இழுபட்டு இழுபட்டு வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சுற்றை அது தாங்காது. அவளுக்கு அது தெரியும். அந்த மண்டபத்தில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது; இழுத்த மீன் களைக்கும் என்பதை அவள் பாடமாக நடத்திய அன்று கீழே பிரியாணி வெந்துகொண்டிருந்தது.

அமுக்கினால் அவள் தப்பலாம். யாராவது ஒருவன் தவறுதலாக அமுக்க மறந்து, தவறுதலாகப் பிடித்துத் தொலைத்தால் எல்லாரும் தப்பலாம். அவள் அமுக்கினாள். டக். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எவனாவது மறப்பானா? எவளாவது தூங்கிவிட மாட்டாளா? வகுப்பில் அத்தனை பேரும் தூங்கினீர்களே, இப்போது ஒருவராவது தூங்குங்களேன்.

டக். டக். டக். ஒருவரும் தூங்கவில்லை. அவள் சொன்ன பாடமெல்லாம் காற்றில் போக, ராசப்பன் சொன்ன ஒற்றை வரியை மட்டும் அட்சரம் பிசகாமல் எல்லாரும் நிறைவேற்றிக்கொண்டிருந்தார்கள். இப்படியும் படிப்பார்களா பிள்ளைகள்? எழுந்து நின்று தடுப்பையெல்லாம் தள்ளிவிட்டு, ‘அது மீன் இல்லடா மடையன்களா’ என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் எல்லாக் கையும் அந்த நொடியிலேயே கெட்டுவிடும்.

சத்தம் நெருங்கியது. எதிர் வரிசை, மூலை, மோகனப்பிரியாவின் தடுப்பு. “மேடம் சொன்ன மாதிரியே கடிச்சுது” என்று அவள் தனக்குத்தானே பேசிக்கொள்வது கேட்டது. டக்.

கோலில் பாரம் ஏறவே இல்லை. நூலின் முனையில் மீன் சாம்பல் நிறத்தில் பக்கவாட்டில் மிதந்து வந்தது.

கட்டைவிரல் பட்டனுக்கு மேல் இருந்தது. இவ்வளவு நாள் பழக்கிய விரல். அது போவதற்குள் வாயில், “சனியனே, இங்க வா” என்றாள் கோகிலவாணி.

அதற்குப் பிறகு அவள் எதையும் நினைக்கவில்லை. சுருளின் பிடியைத் தளர்த்தினாள். களைத்த மீனை இழுத்தால் போய்விடும். நூலை விட்டு அதற்கு மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும். கோலைத் தண்ணீரோடு தாழ்த்தினாள். மீன் இடது பக்கம் திரும்பியது. தானும் இடது பக்கம் போனாள். ஆழத்துக்குப் போக நினைத்தது. போகவிட்டாள். நிழலுக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்தினாள். முதுகில் மெல்லப் பச்சை திரும்பியது. பச்சை திரும்பியதும் ஒரு துள்ளு துள்ளியது. அவள் கோலை இன்னும் தாழ்த்தினாள். பிறகு தூக்கி, தாழ்த்தும்போது சுற்றி, தூக்கி, தாழ்த்தும்போது சுற்றி, ஒரு குழந்தையைக் கூட்டத்துக்குள் நடத்திப் போவது போல அதைக் கரைக்குக் கொண்டுவந்தாள். முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டாள்.

“மீன் கரை சேர்ந்தது” என்றது இயந்திரம். குரலில் எந்த மாற்றமும் இல்லை. ஏரியில் அடுத்த மீன் வந்து விழுந்தது.

டக். டக். டக்.

அந்த மீனும் சுற்றி வந்தது. அதையும் அவள்தான் பிடித்தாள். அடுத்ததையும். மாலை வரை அந்த ஏரியில் மீன் பிடித்தவள் அவள் ஒருத்திதான். ஒவ்வொன்றையும் பிடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அவள் திட்டிய திட்டையெல்லாம் கோல் கேட்டுக்கொண்டிருந்தது.

*

வாசலில் ராசப்பன் வேன் பக்கத்தில் மோர் பாக்கெட்டுகளோடு நின்றிருந்தார். பிள்ளைகள் கும்பல் கும்பலாக வெளியே வந்தார்கள். பாதிப் பேர் கண் சிவந்திருந்தது. ஒருத்தி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கடைசி பெஞ்சுக்காரன் வேனின் படியில் உட்கார்ந்து, “வந்து வந்து போயிருச்சுங்க சார், வந்து வந்து போயிருச்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ராசப்பனின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அதை மறைக்க அவர் மோர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தார்.

பிறகு கோகிலவாணி வெளியே வந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் புருவத்தை உயர்த்தினார். அவள் இல்லை என்று தலையை அசைத்தாள். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மோகனப்பிரியா ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“மேடம்! கரை சேர்ந்தது, கரை சேர்ந்ததுன்னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சே, உங்க தடுப்புல இருந்துதானுங்களே? நீங்கதானுங்களே?”

“ஆமா.”

“நெனைச்சேன்! எங்க மேடம்தான்டின்னு சொன்னேன், இவ நம்பவே இல்லை.” அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “எங்களுக்கெல்லாம் ஒண்ணு கூட நிக்கலைங்க மேடம். இத்தனை பேர்ல நீங்க மட்டும்தான். உங்களுக்குக் கண்டிப்பா பாஸுங்க.”

“ட்ரீட் வெக்கணுங்க மேடம்” என்றான் படியில் இருந்தவன், மூக்கை உறிஞ்சியபடி. “எங்களுக்குத்தான் இந்த வருஷம் போச்சு. உங்க புண்ணியத்துல ஒரு பிரியாணியாவது சாப்பிட்டுக்கறோம்.”

எல்லாரும் சுற்றி வந்து நின்றார்கள். பொறாமை இல்லாமல், தோற்ற முகத்தோடு, அவளுக்காகக் கை தட்டினார்கள். ஒருத்தி தன் மோர் பாக்கெட்டை அவள் கையில் திணித்தாள். அவளைத் தவிர அந்த இடத்தில் எல்லாருக்கும் வேலை கிடைத்துவிட்டிருந்தது. அதை அவர்களிடம் சொல்ல முடியாது. திட்டவும் முடியாது. கழுத்துவரை வந்த எரிச்சலை அவள் மோரோடு சேர்த்து விழுங்கினாள்.

“எப்படிங்க மேடம் உங்களுக்கு மட்டும் மாட்டுச்சு?” என்றாள் மோகனப்பிரியா.

“உங்க எல்லாருக்கும் மாட்டும், போங்க” என்றாள் கோகிலவாணி.

அதை அவர்கள் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார்கள்.